லேன் விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை: நீடாமங்கலம் பக்கத்துக் கடைக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 நவம்பர் 10, திங்கட்கிழமை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு முடிய இன்னும் சில நாட்கள்தான் என்று டெல்டா முழுவதும் விவசாயிகள் சிட்டாவும் அடங்கலும் கையுமாக அலைந்த வாரம்.

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரில் ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா எடுத்துத் தருவது, கரண்ட் பில் கட்டுவது, ரயில் டிக்கெட், தேர்வு விண்ணப்பம் என்று ஊரின் பாதி வேலை அங்கே இருக்கும் ஒரே கணினியில் நடக்கிறது. அன்று காலை எட்டரை மணிக்கு அவர் போன் செய்தார்.

"தம்பி, மருமவன் வந்து விண்டோசை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குடுத்தான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெட்டு மட்டும் வரல. சனிக்கிழமையிலேருந்து போராடுறோம். வெளியில பதினஞ்சு பேரு சிட்டாவுக்கு நிக்கிறாங்க."

நான் வலங்கைமான் பக்கம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மதியம் இரண்டரைக்குத்தான் முடிந்தது. நாலரை மணி நேரம் ஏன் ஆனது, எதனால் ஆனது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி வேலை இப்போது எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒன்று வருகிறது. இதே இடத்தில் வேறு யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

ஏன் மாற்றினார்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அக்காவின் கணினியில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சில்லுகளைப் பெரும்பாலும் ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேறு கேட்கும். ஒரு வருடம் தள்ளிப்போட வழி இருந்தது என்றாலும், எப்படியும் அடுத்த தீபாவளிக்கு இதே கேள்வி மறுபடி வரும். அதனால் பாலிடெக்னிக் படிக்கும் மருமகன் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் லினக்ஸ் மின்ட் 22 நிறுவிவிட்டான். 2029 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். முடிவு சரியான முடிவுதான்.

இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த டிஸ்க்தான். அதே டிஸ்க்தான் ஒரு மணி நேரத்தை விழுங்கவும் செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாளில் நடந்தவை

வேலையில் கை வைக்கும் முன், இதுவரை என்னென்ன செய்தாய் என்று பையனிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இது எனக்குப் பழக்கம். மருத்துவர் ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையைக் கேட்பது போலத்தான்.

லேன் வயரைப் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறான். யூடியூபில் சொன்னபடி 'எத்0' என்ற பெயரில் நெட்வொர்க் கார்டைத் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று வந்ததால், கார்டே தெரியவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். போனில் ரியல்டெக் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் பதிவிறக்கி நிறுவப் பார்த்திருக்கிறான். பாதியில் பிழை வந்து நின்றுவிட்டது. அப்புறம் மன்னார்குடிக்குப் போய் யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கி வந்திருக்கிறான், அதிலும் வரவில்லை. கடைசியாக 192.168.1.10 என்று ஒரு முகவரியைக் கையால் போட்டுப் பார்த்திருக்கிறான். அதுவும் பலிக்கவில்லை.

கேபிள்காரருக்கும் போன் செய்திருக்கிறார்கள். "லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க சிஸ்டத்துலதான் ஏதோ பிரச்சினை. லினக்ஸ் எல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்று பதில் வந்திருக்கிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை அவர் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று இவர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு கார்டிலும் வரவில்லை, கேபிள்காரரும் கைவிரித்துவிட்டார். எனவே லினக்ஸ் நமக்கு ஒத்துவராது என்று அக்கா முடிவுக்கு வந்திருந்தார். அந்த நிலையில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கடைமடையிலிருந்து தொடங்கினோம்

எங்கள் பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் நேராக மேட்டூருக்குப் பஸ் ஏறுவதில்லை. முதலில் வயல் மடையைப் பார்ப்பார்கள். அப்புறம் கன்னி வாய்க்கால், அதற்கு மேலே கிளை வாய்க்காலின் ஷட்டர். அதெல்லாம் சரியாக இருந்தால்தான், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் என்ன நிலவரம் என்று பாசன ஊழியரான லஸ்கரிடம் கேட்பார்கள். தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அடைப்பு அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கவேண்டும். நெட்வொர்க் பழுதிலும் நான் இதையே செய்கிறேன். ஒவ்வொரு சோதனையும் 'இதுவரை வந்திருக்கிறது' அல்லது 'இதுவரை வரவில்லை' என்று ஒரு பதிலைத் தரவேண்டும். பதில் தராத சோதனையைச் செய்து பயனில்லை. வயரைக் கழற்றி மாட்டுவது அப்படிப்பட்ட ஒன்று: வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது, வராவிட்டால் எதனால் வரவில்லை என்றும் தெரியாது.

முதலில் வயர். வீட்டு வாசலில் கேபிள்காரரின் ஃபைபர் பெட்டி இருக்கிறது. அங்கிருந்து லேன் வயர் ஒன்று சுவரைத் துளைத்துக் கடைக்கு வந்து, நேரே கணினியில் செருகியிருக்கிறது. நடுவில் ரவுட்டர் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமான தடயம். கணினியின் பின்புறம் லேன் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது, ஆரஞ்சு விளக்கு துடித்தது. 'எத்டூல்' கட்டளை கொடுத்துப் பார்த்ததில் வேகம் 100 மெகாபிட், இணைப்பு உண்டு என்று வந்தது. போர்ட் ஜிகாபிட் திறன் உள்ளது என்றாலும் பெட்டியின் போர்ட் 100 தான். அதனால் அந்த எண்ணில் தப்பில்லை. ஜிகாபிட் என்றால் வயரின் நான்கு ஜோடிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். சுவர்த் துளையில் அணில் கடித்த அடையாளம் இருந்ததால் இதையும் யோசித்துப் பார்த்து, சரி, வயர் தேறியது என்று கோடு போட்டேன்.

அடுத்தது டிரைவர். 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கார்டின் பெயரையும், அதை எந்த டிரைவர் இயக்குகிறது என்பதையும் காட்டும். ரியல்டெக் 8168 வகைக் கார்டு, டிரைவர் ஆர்8169. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வருகிற டிரைவர் அது, வேலையும் செய்துகொண்டிருந்தது. பையன் தேடிய 'எத்0' ஏன் இல்லை என்றால், லினக்ஸில் இப்போது கார்டுகளுக்கு அவை செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் வருகிறது. 2013-இல், லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197-ஆம் பதிப்போடு வந்த வழக்கம் இது. இந்தக் கணினியில் கார்டின் பெயர் 'இஎன்பி3எஸ்0': ஈதர்நெட், மூன்றாவது பிசிஐ பஸ், பூஜ்ஜியமாவது இடம். பழைய வீடியோவைப் பார்த்துப் பழைய பெயரைத் தேடினால் கார்டே இல்லாதது போலத்தான் தோன்றும்.

அவன் நிறுவப் பார்த்த இன்னொரு டிரைவர் பாதியில் நின்றது நல்லதாகப் போயிற்று. ஆர்8168 என்ற அந்தப் பொதியை முறையாக நிறுவினால், அது கர்னலின் ஆர்8169-ஐத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிடும். இருப்பதும் போய், புதியதும் சரியாக ஏறாமல் நின்றால், நல்ல கார்டு நிஜமாகவே செத்ததுபோல் ஆகிவிடும். இணையத்தில் ரியல்டெக் என்று தேடினால் முதல் ஆலோசனையாக இதைத்தான் சொல்கிறார்கள். விளக்கு எரிந்து, டிரைவர் ஏறியிருக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, லினக்ஸ் ஒத்துவருமா என்ற கேள்வி. அதற்குப் பையனின் போனை யுஎஸ்பி வயரால் கணினியில் மாட்டி, போன் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டோம். பத்து விநாடியில் இணையம் வந்தது. பிரவுசர் திறந்தது, தளங்கள் வந்தன. அக்காவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்போதைக்கு அந்தப் போன் நெட்டிலேயே சிட்டா எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். இந்த ஒரு வசதி தெரிந்திருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை ஓடியிருக்கும். புது இயங்குதளம் நிறுவுகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு டேட்டா வயரோடு உட்காரவேண்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெட் இல்லாத கணினியில் நெட்டைச் சரிசெய்யவே நெட் தேவைப்படும்.

ஆக, வயர் சரி, கார்டு சரி, டிரைவர் சரி, லினக்ஸும் சரி. அடைப்பு அதற்கு மேலே.

யார் முகவரி கொடுக்கவேண்டும்

கணினிக்கு வயர் மட்டும் போதாது, ஒரு ஐபி முகவரியும் வேண்டும். வழக்கமாக வீட்டு ரவுட்டர் அதைத் தானாகக் கொடுத்துவிடும். டிஹெச்சிபி என்பது அந்த முறை. கணினி 'யாராவது முகவரி கொடுங்கள்' என்று பொதுவாகக் கூவும். கொடுக்கிறவர் 'இதை வைத்துக்கொள்' என்பார். கணினி 'சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்' என்னும். அவர் 'ஆகட்டும்' என்பார். நான்கு பேச்சில் முடிந்துவிடும்.

டெதரிங் வழியாக 'டிசிபிடம்ப்' என்ற கருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, லேன் வயரில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று கவனித்தோம். கணினி கூவிக்கொண்டே இருந்தது. பதில் ஒன்றுகூட இல்லை. மின்ட்டில் இருக்கும் நெட்வொர்க் மேனேஜர் 45 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் இணைப்பு தோல்வி என்று சொல்லிவிடும். பையன் இரண்டு நாளாகப் பார்த்தது இந்தச் செய்தியைத்தான். விண்டோஸாக இருந்திருந்தால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானாகப் போட்டுக்கொண்டு, மஞ்சள் முக்கோணம் காட்டியிருக்கும். அதுவும் இதே பொருள்தான்: முகவரி கொடுக்க ஆளில்லை.

ஆனால் வயர் மௌனமாக இல்லை. '10.20.6.118 யார்? 10.20.4.1-க்குச் சொல்லுங்கள்' என்பது மாதிரி வரிகள் வரிசையாக ஓடின. (எண்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கேபிள்காரரின் கேட்வே (நம்மை வெளி இணையத்தோடு சேர்க்கும் வாசல்), தன் கிளையில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களைத் தேடும் அழைப்புகள் அவை. அதைப் பார்த்ததும் விஷயம் பாதி புரிந்துவிட்டது. இந்த ஊரில் இணையம் தருகிறவர் தானாக முகவரி கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கி, இணைப்புக் கொடுத்த நாளிலேயே அதைக் கணினியில் கையால் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் ரவுட்டர் இல்லாததும் இதோடு பொருந்துகிறது. சிறிய ஊர்களில் கேபிள் வழியாக வந்த இணைப்புகளில் இது இன்னமும் இருக்கும் வழக்கம்.

பையன் போட்ட 192.168.1.10 ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதில் விளங்கிவிடும். அது வேறு ஊர் விலாசம். யுஎஸ்பி அடாப்டர் தோற்றதற்கும் இதே முதல் காரணம். ஆனால் அதற்கு இரண்டாவது காரணமும் இருந்தது. கேபிள்காரரை நானே கூப்பிட்டு, "அண்ணே, மேக் லாக் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தங்கள் பதிவேட்டில் ஏற்றி, வேறு எண்ணில் வந்தால் விடமாட்டார்கள். புது அடாப்டர் என்றால் புது எண். சரியான முகவரியே போட்டிருந்தாலும் அது ஓடியிருக்காது. இரண்டு கார்டும் ஒரே பழுதால் தோற்கின்றன என்று நினைத்துத்தான் எல்லாரும் லினக்ஸைச் சந்தேகித்தார்கள். ஒன்றுக்கு ஒரு பூட்டு, இன்னொன்றுக்கு இரண்டு பூட்டு.

அக்காவுக்கு ஒதுக்கிய முகவரி என்ன என்று கேட்டேன். அந்தப் பதிவு இணைப்புக் கொடுத்த ஆளிடம் இருந்தது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மாலை பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அதே வரிசையில் ஏதாவது ஒரு முகவரியைப் போட்டுப் பார்க்கலாமா என்று பையன் கேட்டான். கூடாது. அது வேறொருவருடைய முகவரியாக இருந்தால் அவருடைய இணைப்பு அறுந்துபோகும். நம் கடைக்கு வெளியே நிற்கிற மாதிரி அவர் கடைக்கு வெளியிலும் ஆட்கள் நிற்கலாம்.

பழைய விண்டோஸுக்கு அந்த முகவரி தெரியும். அது இழுப்பறையில் இருந்தது.

டிஸ்க் கொடுத்த பதிலும் அது கொண்டுவந்த வினையும்

கணினியை அணைத்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியோடு சேர்த்து மாட்டினோம். துவக்கும்போது ஏதோ ஒரு செய்தி திரையில் வந்து எஃப்1 கேட்டது. பையன் பழக்கத்தில் தட்டிவிட்டான். நான் படிக்கவில்லை. துவக்கப் பட்டியலில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம். விண்டோஸ் வந்தது. கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக் ஆல்' என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டியது. முகவரி 10.20.7.73. சப்நெட் மாஸ்க் 255.255.252.0. கேட்வே 10.20.4.1. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இரண்டு. டிஹெச்சிபி இல்லை. கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் அனுப்பினேன், அதாவது ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன், பதில் வந்தது. அதாவது அதே வயர், அதே கார்டு, அதே இடம்: விண்டோஸில் நெட் இருக்கிறது.

மாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கைகள் 255.255.255.0 என்றே போட்டுப் பழகியவை. இங்கே மூன்றாவது எண் 252. லினக்ஸில் இதை 22 என்று எழுதுவார்கள். இதன்படி 10.20.4 முதல் 10.20.7 வரை நான்கு வரிசையும் ஒரே தெரு. பழக்க தோஷத்தில் 24 என்று போட்டால், 4-இல் இருக்கும் கேட்வே, 7-இல் இருக்கும் நமக்குப் பக்கத்துத் தெருவாகிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளவேண்டும். பையனை எழுதச் சொன்னேன், நான் சரிபார்த்தேன்.

விண்டோஸை ஷட்டவுன் செய்து, உடனே பவர் பட்டனை அழுத்தி, லினக்ஸைத் தேர்ந்தெடுத்து, முகவரிகளைப் பதித்தோம். இணைப்பு வரவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால் லேன் விளக்கே எரியவில்லை. 'எத்டூல்' இணைப்பு இல்லை என்றது.

இங்கேதான் ஒரு மணி நேரம் போயிற்று. காலையில் எரிந்த விளக்கு இப்போது எரியவில்லை என்றால், டிஸ்க் மாட்டும்போது வயர் ஆடிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அணில் கடித்த இடம் வேறு கண்ணிலேயே நின்றது. அந்த இடத்தை வெட்டி, இரண்டு முனையிலும் புது ஜாக் அடித்தேன். விளக்கு வரவில்லை. என் பையில் இருந்த குட்டி வயரோடு பெட்டியைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. கார்டு போய்விட்டதோ என்ற பயம் வந்தது. மறுபடி விண்டோஸைத் துவக்கினேன். விளக்கு எரிந்தது.

அப்புறம்தான் கையைக் கட்டிக்கொண்டு விளக்கை மட்டும் பார்த்தேன். விண்டோஸ் ஓடும்போது எரிகிறது. ஷட்டவுன் கொடுத்ததும், திரை அணைகிற அதே கணத்தில் விளக்கும் அணைகிறது. மறுபடி துவக்கி லினக்ஸுக்குப் போனால் அணைந்தபடியே இருக்கிறது. இரண்டு முறை செய்தோம், இரண்டு முறையும் அப்படியே.

ரியல்டெக் கார்டுகளில் இது பழைய விஷயம். விண்டோஸுக்கான அவர்களுடைய டிரைவரில், கணினி அணைந்த பிறகு லேன் வழியாக அதை எழுப்பும் வசதி ஒன்று உண்டு. அது அணைத்துவைக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் மூடும்போது டிரைவர் கார்டையும் தூங்கவைத்துவிட்டுப் போகும். அடுத்து வரும் லினக்ஸால் சில மதர்போர்டுகளில் அதை எழுப்ப முடிவதில்லை. கணினி அணைந்திருந்தாலும் கரண்ட் வயர் செருகியிருக்கும்வரை கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் அந்தத் தூக்கமும் கலைவதில்லை. காலையில் நான் வந்தபோது விளக்கு எரிந்ததற்குக் காரணம், சனிக்கிழமை டிஸ்க் மாற்றும்போது பையன் கரண்ட் வயரைப் பிடுங்கியதுதான். அதாவது இரண்டாவது பழுதை உண்டாக்கியது என்னுடைய சோதனை.

கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் மறுபடி செருகினோம். நேராக லினக்ஸுக்குப் போனோம். விளக்கு எரிந்தது. பின்னால் ஒருநாள் அந்த டிஸ்க்கை யாராவது மாட்டினால் திரும்ப இதே தொல்லை வரக்கூடாது என்று, வேலை முடிந்தபிறகு விண்டோஸில் கார்டின் மேம்பட்ட அமைப்பில் அந்த எழுப்பும் வசதியை இயக்கியும் வைத்தேன்.

கேட்வேக்குப் பிங், பதில் வந்தது. 8.8.8.8, வந்தது. பெயர் சொல்லிப் பிங், அதுவும் வந்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

அதற்குள் பையன் கூப்பிட்டான்: "அண்ணே, சிட்டா சைட் ஓப்பன் ஆவல."

கடிகாரம்

பிரவுசரில் பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கை. வேறு சில தளங்களைத் திறந்து பார்த்தோம். சில திறந்தன, பல திறக்கவில்லை. காலையில் இதே பிரவுசரில் டெதரிங் வழியாக எல்லாம் திறந்தன. நடுவில் மாறியது என்ன? கேபிள்காரர் ஏதோ தடுக்கிறார் என்று பையன் சொன்னான். எச்சரிக்கையை முழுதாகப் படிக்கச் சொன்னேன். உங்கள் கணினியின் கடிகாரம் தவறாக இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. திரையின் மூலையில் இருந்த தேதி பல மாதங்கள் பின்னால் போயிருந்தது.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. 2020 செப்டம்பர் முதல் வழங்கப்பட்டவற்றுக்கு அப்போது உச்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. பல தளங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையே மாற்றிக்கொள்கின்றன. நம் கணினி தன்னைப் பல மாதம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டால், போன மாதம் வாங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் மறுக்கிறது. நீண்ட ஆயுள் உள்ள பழைய சான்றிதழை வைத்திருக்கும் தளம் மட்டும் திறக்கிறது. சில தளம் வருகிறது, சில தளம் வரவில்லை என்றால் நான் இப்போதெல்லாம் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

தேதி எப்படிப் போயிற்று? மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. காலையில் எஃப்1 கேட்ட செய்தி அதைத்தான் சொன்னது. கரண்ட் வயரைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி அழிந்திருக்கிறது. விண்டோஸ் காலத்திலும் இது இருந்திருக்கிறது. ஆனால் விண்டோஸ் நெட் வந்ததும் நேரத்தைத் தானே திருத்திக்கொண்டுவிடும். அக்காவுக்கு எஃப்1 தட்டுவது மட்டுமே வேலை. லினக்ஸும் அப்படித் திருத்தும். இந்தக் கணினியில் ஏன் திருத்தவில்லை என்றுதான் தேடினேன். அமைப்பில் நெட்வொர்க் நேரம் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அதற்கும் காரணம் இருக்கிறது, நியாயமான காரணம்.   சனிக்கிழமை டிஸ்க் மாற்றக் கரண்ட் வயரைப் பிடுங்கியதில், நிறுவி முடித்ததும் கடிகாரம் தப்பாகக் காட்டியிருக்கிறது. நெட் இருந்தால் தானே சரியாகியிருக்கும், நெட் இல்லை. கையால் திருத்தவேண்டும் என்றால் நெட்வொர்க் நேரத்தை அணைத்தால்தான் மின்ட் விடும். பையன் அணைத்துத் திருத்தியிருக்கிறான். இன்று நான் வயரைப் பிடுங்கியதும் அந்தத் திருத்தம் போய்விட்டது. நெட்வொர்க் நேரத்தை இயக்கியதும் சில விநாடிகளில் தேதி, மணி இரண்டும் சரியாகின. நேரம் கேட்கும் அந்த முறைக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, அதனால் தடையில்லாமல் நடந்தது. 

தளம் திறந்தது. மணி இரண்டரை. முதல் சிட்டாவை வாங்கிக்கொண்ட பெரியவர், காலையிலிருந்து கடைத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கியபடி உட்கார்ந்திருந்தவர். போன் நெட்டில் வேலை நடந்தபோது அவர் மற்றவர்களை முன்னால் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவசரமில்லை, வி.ஏ.ஓ. மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்.

விட்டு வந்தவை

பக்கத்துக் கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, பயாஸில் தேதியைப் பதித்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செய்தித்தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்தோம். யாரும் ஃபார்மட் செய்யவேண்டாம் என்று அதன்மேல் பையனே எழுதி ஒட்டினான். கேபிள்காரரின் முகவரி, மாஸ்க், கேட்வே, இரண்டு டிஎன்எஸ், கார்டின் மேக் எண் ஆகிய ஆறு வரிகளையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கேபினட்டின் உட்புறம் ஒட்டச் சொன்னேன். கார்டு எப்போதாவது இடியில் போய்விட்டால் புதுக் கார்டின் எண்ணைக் கேபிள்காரரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இடிக்கு லேன் போர்ட்டுகள் நிறைய போகின்றன. மழை இருட்டினால் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவைக்கும்படி அக்காவிடம் சொன்னேன்.

யுஎஸ்பி அடாப்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பையன் கேட்டான். வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதன் மேக் எண்ணையும் இரண்டாவதாகப் பதிந்துகொள்ள முடியுமா என்று கேபிள்காரரிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.